பிரேக் இல்லாத வண்டியில ஒரு பொழப்பு

எங்க சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. நாலு பைக்கு. முட்டை வடிவத்துல ஒரு சின்ன மண் டிராக். வளைவுல நாலு வண்டியும் குறுக்கால வழுக்கிக்கிட்டே போகுது. பின் சக்கரம் வாரி இறைக்கிற மண்ணு வேலி வரைக்கும் போய் அடிக்குது.

கீழ ஒருத்தர் எழுதினார்: "இந்த வண்டிக்கு பிரேக்கே கிடையாதாம். பைத்தியங்க!"

வரிசையா சிரிப்பு பொம்மை.

அப்புறம் மூணாவது மாடி காகா (இங்க சித்தப்பா முறை) வந்தார். "இதெல்லாம் ஒரு தொழிலா? நம்ம டேம் ரோட்டுல ஞாயித்துக்கிழமை பசங்க பண்றதுதானே இது?"

எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. குரூப்ல பதில் போட்டா விடிய விடிய ஓடும் (தண்ணி டேங்கர் விவகாரத்துல பார்த்தாச்சு). அதான் இங்க வந்து கொட்டுறேன். கொஞ்சம் நீளமாப் போகும். டீயோட உட்காருங்க.

முதல்ல அந்த டேம் ரோடு.

கடக்வாஸ்லா தெரியாதவங்களுக்காக: புனேயில சிங்ககட் ரோட்டைப் பிடிச்சு தென்மேற்கே வந்தா முட்டா ஆத்துக்குக் குறுக்க ஒரு அணை. வெள்ளைக்காரன் காலத்துல கட்டினது. 1961 ஜூலை 12-ல மேல இருந்த பான்ஷெத் அணை உடைஞ்சு, அந்தத் தண்ணி வந்து இதையும் உடைச்சு, புனேக்குள்ள புகுந்த கதையை இங்க பெரியவங்க இன்னமும் சொல்லுவாங்க. ஏரிக்கு ஒரு பக்கம் தேசியப் பாதுகாப்பு அகாடமி. இன்னொரு பக்கம் சௌபாட்டி. சுட்ட சோளம், காந்தா பஜ்ஜி, மட்கா தயிர். அப்படியே நேரா விட்டா டோண்ஜே, அங்கிருந்து சிங்ககட் கோட்டைக்கு ஏறுற மலை ரோடு.

மழைக்கால ஞாயித்துக்கிழமை இந்த ரோட்டுல நடக்கவே முடியாது. சைலன்சரை மாத்தி பட்டாசு வெடிக்கிற புல்லட்டு, ஹெல்மெட் இல்லாம மூணு பேரு, சோளக் கடைக்கு முன்னாடி முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு சாகசம். குழந்தையோட ரோட்டைக் கடக்கிற அம்மாக்களுக்கு உயிர் போயி உயிர் வரும்.

அந்தப் பசங்க மேல எனக்கும் கோவம் உண்டு. ஆனா அவங்களையும் அந்த வீடியோவுல இருந்த நாலு பேரையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது. அந்த நாலு பேருக்கும் லைசென்ஸ் இருக்கு, அணி இருக்கு, சீசன் இருக்கு, புள்ளிக்கு இவ்வளவுன்னு பேசி வச்ச காசு இருக்கு. அது ஒரு முழு நேரத் தொழில். நூறு வருஷத் தொழில்.

அந்த ஆட்டத்துக்குப் பேரு ஸ்பீட்வே.

1923 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல வெஸ்ட் மெய்ட்லாண்ட்ங்கிற ஊர்ல விவசாயப் பொருட்காட்சி மைதானம். ஜானி ஹாஸ்கின்ஸ்னு ஒருத்தர், விளக்கு வெளிச்சத்துல மண் டிராக்குல பைக் ரேஸ் விட்டார். அங்கிருந்துதான் கதை ஆரம்பம்னு பொதுவா சொல்லுவாங்க. 1928 பிப்ரவரியில லண்டன் பக்கத்துல ஹை பீச்சுக்கு வந்துச்சு, கூட்டம் அலை மோதுச்சு. 1936-ல முதல் உலக சாம்பியன்ஷிப், வெம்ப்ளி மைதானத்துல. 1981-ல அதே வெம்ப்ளியில நடந்த இறுதிப் போட்டிக்கு 90 ஆயிரத்துக்கும் மேல ஜனம். அந்தக் கால ஈடன் கார்டன்ஸ் நிரம்பி வழிஞ்சா எப்படி இருக்கும், அந்த மாதிரிக் கூட்டம், நாலு பைக்கைப் பார்க்க!

விதிகள் சின்னப் பிள்ளைக்கும் புரியும். நாலு பேரு, நாலு சுத்து, எப்பவும் இடப்பக்கமாவே. ஒரு ரேஸ் (அவங்க ஹீட்னு சொல்றாங்க) ஏறக்குறைய ஒரு நிமிஷம்தான். முதல்ல வந்தா 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, அதுக்கடுத்து 1, கடைசிக்கு ஒண்ணுமில்ல. ஹெல்மெட் உறை சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள். தூரத்துல இருந்தே யாரு எவருன்னு தெரியும்.

வண்டிதான் விசேஷம். 500 சிசி, ஒத்தை சிலிண்டர், பெட்ரோலுக்குப் பதிலா மெத்தனால். ஒரே கியர். எடை 77 கிலோவுக்குக் குறையக் கூடாதுன்னு விதி. அதாவது நம்ம ஸ்கூட்டியைவிட லேசான உடம்புல அந்தப் பெரிய இன்ஜின்.

பிரேக் கிடையாது. முன்னாடியும் கிடையாது, பின்னாடியும் கிடையாது.

இதைக் கேட்டதும் எல்லாரும் "பைத்தியம்"ங்கறாங்க. கொஞ்சம் நின்னு யோசிங்க. நாலு வண்டி ஒண்ணை ஒண்ணு உரசுற மாதிரி வளைவுக்குள்ள போகுது. முன்னாடி போறவர் திடீர்னு பிரேக் அடிச்சா? பின்னாடி வர்ற மூணு பேரும் அவர் மேலதான். யாராலயும் திடீர்னு நிறுத்த முடியாதுங்கறதுதான் இங்க எல்லாருக்கும் பாதுகாப்பு. வேகத்தைக் குறைக்கிற வேலையை வண்டி வழுக்குறதே பார்த்துக்கும். பின் சக்கரத்தை வேணும்னே வெளிய தள்ளி, அந்த உராய்வுலயே வேகத்தைத் தின்னுட்டு, திரும்பி முடிச்சதும் நேரா நிமிர்த்தி விடுறாங்க.

வீடியோவை மெதுவாக்கி ஓட்டிப் பாருங்க. வண்டி இடப்பக்கம் திரும்புது, ஹேண்டில்பார் வலப்பக்கம் திரும்பியிருக்கும். முன் சக்கரம் ஒரு திசை, வண்டி ஒரு திசை. அதுலயே அவர் தலையை மட்டும் பாருங்க. அசையாது. கண்ணு அடுத்த நேர்ப்பாதை முடிவுல குத்தி நிக்கும்.

அப்புறம் இடது கால்.

எனக்கு இந்த ஆட்டத்துல ரொம்பப் பிடிச்ச பொருளே அதுதான். இடது பூட்ஸுக்கு அடியில ஒரு இரும்புத் தகடு, பாதம் மொத்தத்தையும் மூடுற மாதிரி வளைச்சு, வாரு வச்சு கட்டிக்குவாங்க. இரும்புச் செருப்பு. வளைவு வந்ததும் அந்தக் காலை நீட்டி மண்ணுல வைப்பாங்க. வெறும் ரப்பர் அடி மண்ணுல மாட்டிக்கிட்டா முழங்கால் திருகிடும். இரும்பு வழுக்கிக்கிட்டே போகும். உடம்பு எடையை அதுல முழுசாப் போட மாட்டாங்க, தொட்டுக்கிட்டே போவாங்க. தரை எங்க கெட்டி, எங்க பொலபொலன்னு கிடக்குதுன்னு அந்தக் கால் வழியா தெரியும். பழைய தகடு ஒண்ணோட படத்தைப் பெருசாக்கிப் பார்த்திருக்கேன். ஓரமெல்லாம் தேஞ்சு, வெளிப்பக்கம் பிளேடு மாதிரி மெலிஞ்சு, நடுவுல ஒட்டு வெல்டிங். ஒரு மனுஷன் எப்படித் திரும்புவான்ங்கறது அந்தத் தேய்மானத்துலயே எழுதியிருக்கு.

வலது மணிக்கட்டுல ஒரு கயிறு. அது வண்டியோட சுவிட்சுல மாட்டியிருக்கும். ரைடர் விழுந்தா கயிறு பிடுங்கிக்கும், இன்ஜின் அந்த நொடியே நிக்கும்.

நான் ஏன் இவ்வளவு தூரம் பேசறேன்னா, வழுக்குறதுன்னா என்னன்னு கொஞ்சம் உடம்பால தெரிஞ்சுக்கிட்டேன்.

இந்தியாவுல ஸ்பீட்வே டிராக் எதுவும் என் கண்ணுல படல. ஆனா புனேயைச் சுத்தி மண் டிராக் பயிற்சி கிடைக்கும். வாரக்கடைசியில வாடகை வண்டி, கவசம் எல்லாம் கொடுத்து சொல்லித் தர்றாங்க. போனேன். பயிற்சி தந்த பையனுக்கு என்னைவிட வயசு ரொம்பக் கம்மி. "தாயி"ன்னு கூப்பிடுவான் (இங்க அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாங்க). முதல் பாடமே ரோட்டுப் பழக்கத்தை மறக்கறதுதான்.

ரோட்டுல திரும்பும்போது வண்டியோட சேர்ந்து நாமளும் சாய்வோம். மண்ணுல வண்டியை மட்டும் கீழ அமுக்கணும், உடம்பு நிமிர்ந்து நிக்கணும். முழங்கை மேல. வெளிப்பக்கக் கால்ல எடை. உள்பக்கக் கால் முன்னாடி நீட்டி. சொல்றதுக்கு சுலபம். வண்டி பின்னாடி நழுவ ஆரம்பிச்ச உடனே கை தானா ஆக்சிலரேட்டரை மூடும் பாருங்க, அதுதான் தப்பு. மூடின அந்த நொடியில சக்கரம் பிடி கிடைச்சு வண்டி வெடுக்குன்னு நிமிரும், நம்மளைத் தூக்கி வெளிய போடும். நழுவும்போது கொஞ்சம் திறந்தே வைக்கணும். பயம் வர்ற இடத்துல கையைத் திறக்கணும்!

"சக்கரத்தைப் பார்க்காத தாயி, போகப் போற இடத்தைப் பாரு." இதையே திரும்பத் திரும்ப சொன்னான். விழுந்தேன், எழுந்தேன், திரும்ப விழுந்தேன். டிராக்குக்குத் தண்ணி அடிச்ச பிறகு ஒரு பிடி, வெயில்ல காஞ்ச பிறகு வேற பிடி. காலையில சரியா வந்த அதே வளைவு மதியத்துக்கு மேல வேற வளைவு. கடைசியில ஒரு தடவை பின்பக்கம் வழுக்கி, நான் கையை மூடாம, வண்டி ஒரு வில்லு மாதிரி வளைஞ்சு தானே நேராச்சு. அந்த ரெண்டு நொடி சந்தோஷத்தை எந்த ரோட்டுலயும் அனுபவிச்சதில்ல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து தோள்பட்டைக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டே நினைச்சேன். இதை நாலு பேருக்கு நடுவுல, இன்னும் பல மடங்கு வேகத்துல, அடுத்த மாச வீட்டு வாடகைக்காக ஒருத்தர் பண்றார்னா, அவர் எப்பேர்ப்பட்ட தொழிலாளி!

சரி காகா, இப்ப தொழில் விஷயத்துக்கு வர்றேன்.

ஸ்பீட்வே ரைடர் மாசச் சம்பளக்காரர் கிடையாது. பெரும்பாலும் சுயதொழில். வண்டி அவரோடது. இன்ஜின் அவரோடது (ஒண்ணுக்கு மேல வச்சிருப்பார், ஏன்னா அதை அடிக்கடி பிரிச்சு சரி பண்ணியே ஆகணும்). மெக்கானிக்குக்குக் கூலி அவர் தரணும். வேன், டீசல், டயர், மெத்தனால் எல்லாம் அவர் பைசா. சம்பாத்தியம்? கிளப்போட ஒப்பந்தம் போடும்போது ஒரு தொகை, அப்புறம் எடுக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் காசு.

ஒரு அணிப் போட்டியில 15 ஹீட். ஒரு நல்ல ரைடர் அதுல அஞ்சு ஓட்டுறார்னு வைங்க. 3, 2, 3, 1, 2. மொத்தம் 11 புள்ளி. 11 புள்ளிக்கான காசு. ஒரு ஹீட்டுல செயின் அறுந்துச்சா? பூஜ்யம். ஸ்டார்ட்டுல குறுக்க கட்டியிருக்கிற டேப்பைத் தொட்டுட்டாரா? பெரும்பாலும் ஹீட்டை விட்டே வெளியேத்திடுவாங்க, அதுவும் பூஜ்யம். மணி அடிச்சு ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஸ்டார்ட் கோட்டுக்கு வராட்டியும் பூஜ்யம். அங்க காரணம் சொல்ற பேச்சே கிடையாது.

இதுல ஒரு அழகான ஏற்பாடு உண்டு. தன் அணிக்காரருக்கு நேர் பின்னால, எதிரணி ஆளை ஜெயிச்சு முடிச்சா, அவருக்கு ஒரு போனஸ் புள்ளி. அணிக் கணக்குல அது சேராது. ரைடரோட சம்பளக் கணக்குல சேரும். கூட்டாளியை முந்தப் பார்த்து ரெண்டு பேரும் விழறதைவிட, அவருக்குக் காவலா பின்னால வர்றதுக்கும் காசு உண்டுன்னு அர்த்தம். இப்படி யோசிச்சு விதி எழுதினவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்.

வாரம் எப்படி ஓடும்? போலந்துதான் இந்த ஆட்டத்தோட தலைநகர். அங்க எக்ஸ்ட்ராலிகா லீக் வெள்ளி, ஞாயிறுகள்ல. செவ்வாய்க்கிழமை சுவீடன். நடுவுல டென்மார்க்கோ இங்கிலாந்தோ. பெரிய ரைடரா இருந்தா சனிக்கிழமை உலக சாம்பியன்ஷிப் கிராண்ட் ப்ரீ. ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் வேன்லயும் விமானத்துலயும்தான் தூக்கம். உச்சியில இருக்கிறவங்க போலந்துல கோடிகள்ல சம்பாதிக்கிறாங்க. கீழ்ப் பிரிவுகள்ல இருக்கிறவங்க பலர் பகல்ல வேற வேலை பார்த்துட்டு சாயங்காலம் ரேஸ் ஓட்டுறாங்க. ரெண்டும் நிஜம்தான். ஆனா கீழ இருக்கிறவருக்கும் அடுத்த வாரம் ஒரு ரேஸ் இருக்கு. அதைக் கொஞ்சம் மனசுல வைங்க, பின்னாடி வர்றேன்.

இவான் மாஜர் கதையைச் சொல்லாம போக முடியாது.

நியூசிலாந்து, கிறைஸ்ட்சர்ச் பையன். 1957-ல, 18 வயசு கூட நிறையாம, இளம் மனைவியோட இங்கிலாந்துக்கு வந்தார். விம்பிள்டன் கிளப்புல இடம் தேடினார். நிலைக்க முடியல. ஊருக்குத் திரும்பினார். அங்கயும் ஆஸ்திரேலியாவுலயும் ஓட்டி ஓட்டித் தேறி, 1963-ல திரும்ப வந்தார். இந்தத் தடவை நியூகாசில் கிளப். 1968, 1969, 1970 மூணு வருஷமும் தொடர்ந்து உலக சாம்பியன். அதுக்கு முன்னாடி யாரும் அப்படித் தொடர்ந்து மூணு ஜெயிச்சதில்ல. அமெரிக்க ரசிகர்கள் அவர் வண்டிக்குத் தங்க முலாமே பூசிக் கொடுத்தாங்க! அப்புறம் 1972, 1977. கடைசியா 1979-ல, போலந்துல, 39 வயசுல ஆறாவது பட்டம்.

முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் நடுவுல 11 வருஷம். வெறும் துணிச்சல் ஒரு மனுஷனை இவ்வளவு காலம் தாங்குமா? அவர் வண்டியைத் தயார் பண்ற விதம், டிராக்கை முன்கூட்டியே நடந்து பார்க்கிறது, ஸ்டார்ட்டுல எந்த இடத்துல எந்த மண்ணு பிடிக்கும்னு படிக்கிறது, இதுக்கெல்லாம் பேர் போனவர். ஆபீஸ் போற மாதிரி ரேஸுக்குப் போனவர்.

இன்னைக்கு அந்த இடத்துல இருக்கிறவர் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக், போலந்துக்காரர். 1995-ல பிறந்தவர். 2019, 2020, 2022, 2023, 2024, 2025. இவருக்கும் ஆறு பட்டம். 2023-ல இவருக்கு நடந்ததைக் கேளுங்க. டென்மார்க்ல வோயன்ஸ் ரவுண்டு. அங்கேயே பட்டத்தை முடிச்சிருக்கலாம். தகுதிச் சுற்றுல அனுமதி இல்லாத சூட் போட்டு வந்தார்னு அந்தப் போட்டியை விட்டே விலக்கிட்டாங்க. துணி விஷயம்! முன்னிலை மளமளன்னு கரைஞ்சுது. கடைசி ரவுண்டு டோருன் நகரத்துல. அங்க போய் ஜெயிச்சு பட்டத்தை எடுத்துக்கிட்டார். உலக சாம்பியனா இருந்தாலும் விதி விதிதான், கோவிச்சுக்கிட்டு உட்காராம அடுத்த ரவுண்டுக்கு வண்டியைத் தயார் பண்றதுதான் தொழில். 2025-ல ஆஸ்திரேலியாவோட பிரேடி கர்ட்ஸைவிட ஒரே ஒரு புள்ளி கூட எடுத்து ஜெயிச்சார். ஒரு சீசன் முழுக்க ஓட்டி, ஒரு புள்ளி.

(அவங்க ஊர்ல சாயங்காலம் ஏழு மணி ரேஸ்னா கோடையில நமக்கு ராத்திரி பத்தரை. தூக்கம் கெடும். பரவாயில்ல.)

ஆபத்தை மறைச்சுப் பேசினா நான் நேர்மையா எழுதுறவ ஆக மாட்டேன். 2010 உலக சாம்பியன் தோமாஷ் கோலோப், 2017-ல ஒரு மோட்டோகிராஸ் விபத்துல முதுகுத் தண்டு அடிபட்டு இன்னைக்கு சக்கர நாற்காலியில. ஆஸ்திரேலியாவோட டார்சி வார்ட், 2015-ல போலந்துல ஒரு லீக் ஹீட்ல விழுந்து அதே நிலை. அவருக்கு அப்ப 23 வயசு. இங்கிலாந்தோட லீ ரிச்சர்ட்சன் 2012-ல ரேஸ்ல விழுந்து இறந்தே போனார். இந்த மாதிரி ஆபத்துக்காகத்தான் வளைவு வேலியில காத்தடைச்ச மெத்தை மாதிரித் தடுப்பு வச்சாங்க. அதுக்காகத்தான் அந்த மணிக்கட்டுக் கயிறு, ஆம்புலன்ஸ், டாக்டர். இவ்வளவும் இருந்தே இவ்வளவு நடக்குதுன்னா, இது ஒண்ணுமே இல்லாத டேம் ரோட்டுல, சோளம் விக்கிற பாட்டிக்கு முன்னாடி, செருப்புக் காலோட... வேண்டாம் தம்பிங்களா. நிஜமா கேட்டுக்கறேன், வேண்டாம்.

இப்ப நம்ம கதை.

நம்மளுக்கு ரேஸ் புதுசில்ல. சென்னைக்குப் பக்கத்துல சோழவரம், உலகப் போர் கால விமான ஓடுதளம், அங்க ரேஸ் பார்த்த தாத்தாக்கள் நம்ம வீடுகள்ல இன்னும் இருக்காங்க. 1982-லயே டிவிஎஸ் ரேசிங் அணி தொடங்கியாச்சு. 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக். 2003-ல கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே (ரேஸர் கரிவரதன் நினைவா வச்ச பேரு. தார் டிராக்). சென்னையோட ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் மாதிரி ரைடர்கள் அங்கிருந்துதான் வந்தாங்க.

மண்ணுல ஓட்டுறவங்களும் சாதாரணப்பட்டவங்க இல்ல. பெங்களூரு சி.எஸ்.சந்தோஷ் மோட்டோகிராஸ்ல வளர்ந்து, 2015-ல டக்கார் ராலியை முடிச்ச முதல் இந்தியர் ஆனார், 36-ஆவது இடம். 2021-ல அதே டக்கார்ல சவுதி பாலைவனத்துல பலமா விழுந்து, டாக்டர்கள் அவரை கோமாவுல வச்சுக் காப்பாத்தினாங்க. எழுந்து வந்துட்டார். கோலார் பக்கத்துல பிக் ராக் டர்ட் பார்க்னு அவர் ஆரம்பிச்ச பயிற்சி இடத்துல எத்தனையோ பேர் மண்ணுல ஓட்டக் கத்துக்கறாங்க. ஐஸ்வர்யா பிஸ்சே 2019-ல எஃப்ஐஎம் பாஹா உலகக் கோப்பையில பெண்கள் பிரிவை ஜெயிச்சார். ஷொர்ணூர் ஹரித் நோவா 2024 டக்கார்ல ராலி-2 பிரிவுல முதலிடம், ஒட்டுமொத்தமா 11-ஆவது. 11! கேரளத்துல இருந்து ஒரு பையன் உலகத்தோட கடினமான ராலியில 11-ஆவது வந்த அன்னைக்கு நம்ம டிவியில என்ன ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

இவங்களைத் தவிர இன்னொரு கூட்டமும் இருக்கு. ஜாத்ராவுல, பொருட்காட்சியில மரணக் கிணறு பார்த்திருப்பீங்க. மரப்பலகை சுவர்ல யமஹா ஆர்எக்ஸை ஏத்தி, கையை விட்டு, நோட்டை வாங்கிக்கிட்டுப் போவாங்க. அவங்களும் தொழில்முறை ரைடர்கள்தான். ஊர் ஊராப் போறது, ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு காசு, சொந்தமா வண்டி பழுது பார்க்கிறது, எல்லாமே ஐரோப்பிய ரைடரோட அதே வாழ்க்கை. ஹெல்மெட், காப்பீடு, மேல ஏற ஒரு படிக்கட்டு, இந்த மூணும் மட்டும் அவங்களுக்கு யாரும் தரல. இதை நினைச்சாலே எனக்கு வயிறு எரியும்.

அப்போ திறமை இருக்கு, துணிச்சல் கொட்டிக் கிடக்கு. என்ன இல்ல?

அடுத்த வாரம் ஒரு ரேஸ் இல்ல.

இதுதான் நான் சொல்ல வந்ததே. நம்ம ஊர்ல தேசிய சாம்பியன்ஷிப்னா வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய ரவுண்டுகள். ஒரு ரவுண்டுல விழுந்தா சீசன்ல பெரும்பகுதி போச்சு. ஒரு சில கம்பெனி அணிகள்ல இடம் கிடைச்சவங்களுக்கு சம்பளம். மத்தவங்க அப்பா காசு, கடன், இல்லேன்னா ஷோரூம் வேலை. போலந்துல ஒரு 17 வயசுப் பையன் ஒரு கோடையில ஓட்டுற ஹீட் எண்ணிக்கையை நம்ம பையன் பல வருஷம் சேர்ந்தாலும் தொட மாட்டான். அங்க எக்ஸ்ட்ராலிகாவுல ஒவ்வொரு அணியும் 21 வயசுக்குட்பட்ட ஜூனியர்களை இறக்கியே ஆகணும்னு விதி. அவங்களுக்குன்னே ரெண்டாவது ஹீட். பெரிய ரைடர் எவ்வளவு ஜெயிச்சாலும், ஜூனியர் சொதப்பினா அணி தோக்கும். அதனால கிளப்பே பசங்களைத் தேடிப் பிடிச்சு வளர்க்குது. ஸ்மார்ஸ்லிக் அந்தப் படியில ஏறி வந்தவர்தான்.

தைரியமான பையனை ரைடராக்கறது வாராவாரம் வர்ற ரேஸுதான். தோத்து, மறுநாள் சங்கிலியை மாத்தி, அடுத்த ஊர்ல திரும்ப ஸ்டார்ட் கோட்டுல நிக்கிற வாய்ப்பு இருக்கணும். அது இல்லாத ஊர்ல அந்தத் தைரியம் போக இடம் தெரியாம டேம் ரோட்டுக்கு வருது.

கொஞ்சம் வெளிச்சமும் தெரியுது. 2024 ஜனவரி 28-ல இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக்கோட முதல் ரவுண்டு எங்க புனே பாலேவாடி ஸ்டேடியத்துலதான் நடந்துச்சு. லாரி லாரியா மண்ணைக் கொட்டி, மேடு பள்ளம் போட்டு, வெளிநாட்டு ரைடர்களோட நம்ம பசங்களும் ஓட்டினாங்க. 85 சிசியில ஜூனியர் பிரிவும் உண்டு. குடும்பம் குடும்பமா ஜனம் வந்துச்சு. 2025-லயும் பாலேவாடியிலதான் ரெண்டாவது சீசன் தொடங்குச்சு. ராயல் என்ஃபீல்டு, ஹிமாலயன் இன்ஜின் போட்ட எஃப்டி411 வண்டியை வச்சு ஸ்லைடு ஸ்கூல்னு வழுக்கி ஓட்டவே வகுப்பு நடத்தியிருக்கு. பாருங்க, கேக்க ஆளு இருக்கு.

என் ஆசையைச் சொல்றேன். ஸ்பீட்வேக்கு பெரிய டிராக்கே வேண்டாம். ஒரு சுத்து 260 மீட்டர்ல இருந்து 425 மீட்டருக்குள்ள. ஒரு பள்ளி விளையாட்டு மைதானத்தோட ஓட்டப் பாதை அளவு. மேடு, தாவல் எதுவும் வேண்டாம். சமமான மண்ணு, தண்ணி லாரி, மண்ணை நிரவ ஒரு டிராக்டர், உறுதியான வேலி. ஜனம் ஒரே இடத்துல உட்கார்ந்து முழு ரேஸையும் பார்க்கலாம். முதல்ல 500 சிசி மெத்தனால் வண்டிகூட தேவையில்ல. 150, 200 சிசி உள்ளூர் வண்டிகளை மண் டயர் போட்டு ஓட்டினாலே லீக் நடத்தலாம்.

வேலி விஷயத்துல மட்டும் சமரசமே கூடாது. பக்கத்து இலங்கையில தியத்தலாவ ராணுவ அகாடமி நடத்துற ஃபாக்ஸ்ஹில் போட்டி 1993-ல இருந்து பேர் பெத்தது. மக்கள் திருவிழாவா போவாங்க. 2024 ஏப்ரல் 21-ல ஒரு கார் டிராக்கை விட்டு ஜனத்துக்குள்ள புகுந்து 7 பேர் இறந்தாங்க. ரேஸ் நடத்துறவங்க யாரா இருந்தாலும் பார்க்க வர்றவங்க உயிருக்கு முதல்ல பொறுப்பு.

புனேக்குன்னு ஒரு பெரிய அனுகூலம் இருக்கு. ஐரோப்பாவுல நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் குளிர், ஸ்பீட்வே சீசன் கிடையாது. எங்களுக்கு அந்த மாசங்கள்தான் தங்கமான மாசங்கள். மழை ஓஞ்சு, வெயில் ஏறாம, மண்ணு இறுகி நிக்கும். அங்க வேலையில்லாம உட்கார்ந்திருக்கிற ரைடர்களும் பயிற்சியாளர்களும் இங்க வந்து ஓட்டலாம், நம்ம பசங்களுக்குச் சொல்லித் தரலாம். வண்டி வேணுமா? ஆகுர்டியில பஜாஜ். சாக்கன்ல கேடிஎம் வண்டிகளே தயாராகுது. தெருவுக்குத் தெரு இன்ஜினைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுற மெக்கானிக் அண்ணன்கள். இப்படிப்பட்ட ஊரு நம்ம நாட்டுல வேற எத்தனை இருக்கு, சொல்லுங்க?

கடைசியா, பிள்ளை "நான் ரேஸ் ஓட்டப் போறேன்"னு வந்து நிக்கிற வீடுகளுக்கு.

அடிக்காதீங்க, சிரிக்காதீங்க. சாவியையும் தூக்கிக் கொடுத்துடாதீங்க. முதல்ல ஒரு மண் டிராக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. கழுத்துப் பட்டை, முழங்கால் கவசம், பூட்ஸ், ஹெல்மெட் இத்தனையும் போட்டுக்கிட்டு வெயில்ல ஒரு நாள் ஓட்டட்டும். பாதிப் பேருக்கு ஆசை அன்னைக்கே தீர்ந்துடும். தீராதவங்களுக்கு எஃப்எம்எஸ்சிஐ (நம்ம நாட்டு மோட்டார் விளையாட்டுச் சங்கம்) லைசென்ஸ், டாக்டர் பரிசோதனை, காப்பீடுன்னு முறையான வழி இருக்கு. வண்டியைத் தானே கழுவ, தானே பிரிக்கச் சொல்லுங்க. அதுல சலிக்காத பிள்ளைதான் இந்தத் தொழிலுக்கு ஆகும். படிப்பும் கூடவே ஓடட்டும்.

மூணாவது மாடி காகாவுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை பாலேவாடியில சூப்பர்கிராஸ் வந்தா உங்களுக்கும் பேரனுக்கும் டிக்கெட் என் செலவு. நடுவுல உட்கார வேண்டாம், வண்டிங்க தயாராகிற பக்கமாப் போய் நிப்போம். ஒரு பையன் விழுந்து வந்து, வளைஞ்ச ஹேண்டிலை நிமிர்த்தி, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு அடுத்த ரேஸுக்குப் போறதைப் பாருங்க. பார்த்துட்டு, இது தொழிலா இல்லையான்னு குரூப்ல நீங்களே எழுதுங்க.